பத்ம விருதுக் குழுவுக்கு, கஷாபா ஜாதவ் விஷயமாக

மதிப்புக்குரிய பத்ம விருதுக் குழுவினருக்கு,

வணக்கம். உங்களுக்கு விண்ணப்பம் அனுப்பத்தான் உட்கார்ந்தேன், மடல் எழுத இல்லை. யார் வேண்டுமானாலும் யாரையும் பரிந்துரைக்கலாம் என்று இணையத்தில் கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள், நல்ல விஷயம்தான். பெயர், ஊர், துறை எல்லாம் போட்டுவிட்டு, அவர் அப்படி என்ன செய்தார் என்று 800 சொற்களுக்கு மிகாமல் எழுதச் சொல்லும் இடத்துக்கு வந்தபோது மாட்டிக்கொண்டேன். மூன்று ராத்திரி முயன்று பார்த்தேன், ஆள் அடங்கவில்லை. குட்டைப் போர்வை மாதிரி, தலையை மூடினால் கால் வெளியே வருகிறது. அப்படி வெளியே வந்ததுதான் இந்த மடல்.

ஆள் பெயர் கஷாபா தாதாசாகேப் ஜாதவ். மல்யுத்த வீரர். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 57 கிலோ ஃப்ரீஸ்டைல் பிரிவில் வெண்கலம் வாங்கியவர். சுதந்திர இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் தனிநபராக முதல் பதக்கம் கொண்டுவந்தவர். அடுத்த தனிநபர் பதக்கம் வர 1996 ஆயிற்று, அட்லாண்டாவில் லியாண்டர் பயஸ். நடுவில் 44 வருடம்.

எனக்கு இது ரொம்ப நாள் தெரியாது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பள்ளியில் ஒரு வினாடி வினாவில், ஒலிம்பிக்கில் தனிநபர் பதக்கம் வென்ற முதல் இந்தியர் யார் என்று கேட்டார்கள். அட்லாண்டா முடிந்த சூடு, நான் எழுந்து "லியாண்டர் பயஸ்" என்றேன், சரி என்றார்கள், கைதட்டினார்கள், ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். டப்பா இன்னும் வீட்டில் இருக்கிறது, மூடி தொலைந்துவிட்டதால் அம்மா அதில் புளி போட்டு வைத்திருக்கிறார். பதில் தப்பு என்று எனக்குத் தெரியவந்தபோது கல்லூரியையும் முடித்துவிட்டிருந்தேன். கேள்வி கேட்டவருக்குத் தெரியவில்லை, சொன்ன எனக்குத் தெரியவில்லை, கைதட்டிய முந்நூறு பேருக்கும் தெரியவில்லை. (1900 பாரிஸில் நார்மன் பிரிட்சர்ட் வாங்கிய இரண்டு வெள்ளிகளை யாராவது கிளப்புவார்கள் என்று தெரியும். அதற்காகத்தான் "சுதந்திர" என்ற சொல்லை முன்னாலேயே போட்டுவிட்டேன்.)

மகாராஷ்டிராவில் சாத்தாரா மாவட்டம், கராட் பக்கத்தில் கோலேஷ்வர் என்று ஒரு கிராமம். அங்கே 1926 ஜனவரி 15இல் பிறந்தார். அப்பாவே குஸ்திக்காரர், ஐந்து பையன்களில் இவர் கடைக்குட்டி. அந்தப் பக்கத்துக் குஸ்தி செம்மண்ணில் நடப்பது. மண்ணில் எண்ணெயும் மஞ்சளும் மோரும் கலந்து, கொத்திப் பொடியாக்கிப் பதமாக வைத்திருப்பார்கள். எதிராளியின் முதுகை மண்ணில் பதித்தால் வெற்றி, புள்ளிக் கணக்கு கிடையாது. தமிழில் நாம் "கோதாவில் இறங்கினார்", "கிடுக்கிப்பிடி போட்டார்", "மண்ணைக் கவ்வினார்" என்று அரசியல்வாதிகளைப் பற்றிப் பேசுகிறோமே, அதெல்லாம் இந்த மண்ணிலிருந்து வந்த பேச்சுதான். விளையாட்டை விட்டுவிட்டோம், வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியில் படிக்கும்போது 1948 லண்டன் ஒலிம்பிக்குக்குப் போக வாய்ப்பு வந்தது, செலவைக் கோலாப்பூர் மகாராஜா ஏற்றுக்கொண்டார். அதுவரை மண்ணில் புரண்டவர், அங்கே போனால் கீழே விரிப்பு. மண்ணில் கால் ஊன்றிப் பழகியவனுக்கு விரிப்பு வழுக்குமா, பிடிக்குமா என்பதே புதுக் கணக்கு. விதிகளும் வேறு. முதுகைச் சாய்த்தே ஆகவேண்டும் என்றில்லை, புள்ளி சேர்த்தும் ஜெயிக்கலாம், தோற்கவும் செய்யலாம். ரீஸ் கார்ட்னர் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் சொல்லிக் கொடுத்த கொஞ்ச நாள் பயிற்சியோடு இறங்கி ஆறாவது இடம் பிடித்தார். 52 கிலோ பிரிவில், உலகத்தில் ஆறாவது. அதில் அவருக்கு நிறைவில்லை, திரும்பி வந்து இன்னொரு நாலு வருடம் உழைத்தார், எடையை ஏற்றிக்கொண்டு 57க்குப் போனார்.

ஹெல்சின்கிக்கு ஆள் எடுத்த கதையில் எங்கள் ஊருக்கும் பங்கு உண்டு, பெருமைப்படும்படியான பங்கு இல்லை. தேசியப் போட்டி மெட்ராஸில் நடந்தது. அங்கே தனக்கு வேண்டுமென்றே ஒரு புள்ளி குறைத்துக் கொடுத்து, இன்னொருவரை ஒலிம்பிக்குக்கு அனுப்பப் பார்த்தார்கள் என்பது ஜாதவின் குற்றச்சாட்டு. பெரும்பாலான வீரர்கள் இந்த இடத்தில் கையைத் தட்டிவிட்டு ஊர் திரும்பியிருப்பார்கள். இவர் விடவில்லை. விளையாட்டில் செல்வாக்கு மிக்க பாட்டியாலா மகாராஜாவிடம் முறையிட்டார், அவர் மறுபடி ஒரு தேர்வு ஏற்பாடு செய்தார், அதில் எதிராளியைச் சாய்த்துத் தன் இடத்தைத் தானே எடுத்துக்கொண்டார்.

இடம் கிடைத்தது, போவதற்குக் காசில்லை. அரசாங்கக் கதவுகளையும் தட்டினார். கோலேஷ்வரிலும் சுற்றுவட்டாரத்திலும் துண்டு ஏந்தினார்கள், கடைக்காரர்களும் விவசாயிகளும் முடிந்ததைப் போட்டார்கள், போதவில்லை. கடைசியில் ராஜாராம் கல்லூரியில் அவருக்கு முதல்வராக இருந்த கர்டீகர் தன் வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். நான் 800 சொற்களில் முதலில் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். 1952இல் 7,000 ரூபாய் என்றால் சாதாரணக் குடும்பம் ஒன்றுசேர்த்துப் பார்த்திருக்காத தொகை. பழைய மாணவன் குஸ்தி போடப் போவதற்காக ஒரு வாத்தியார் தன் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் அடகு வைக்கிறார். வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பார், அந்த அம்மா என்ன கேட்டிருப்பார்? இதையெல்லாம் விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஹெல்சின்கியில் கனடாக்காரர், மெக்சிகோக்காரர், ஜெர்மன்காரர் என்று மூன்று பேரைத் தாண்டி வந்தார். கடைசிச் சுற்றில் ஜப்பானின் ஷோஹாச்சி இஷியிடமும் சோவியத் வீரர் ரஷீத் மமத்பெயோவிடமும் தோற்றார். இஷியோடு கால் மணி நேரத்துக்கு மேல் மல்லுக்கட்டி நூலிழையில் தோற்றதும், மூச்சு வாங்கக்கூட விடாமல் சோவியத் வீரரோடு மோதச் சொன்னார்கள் என்பார்கள். இரண்டு போட்டிக்கு நடுவே அரை மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்று விதி இருந்ததாம், அதை எடுத்துச் சொல்லி வாதாட இந்திய அதிகாரி ஒருவர்கூட அந்த நேரத்தில் அங்கே இல்லையாம். ஒரு ஆள் உடம்பெல்லாம் வேர்வையோடு விரிப்பின் ஓரத்தில் நின்று, தனக்காகப் பேச யாராவது வருகிறார்களா என்று நாற்காலிகள் பக்கம் திரும்பிப் பார்ப்பதை நினைத்துப் பாருங்கள். அந்த இஷிதான் தங்கம் வென்றார். ஹெல்சின்கியில் ஜப்பான் வாங்கிய ஒரே தங்கம் அது.

அதே ஹெல்சின்கியில் நம் ஹாக்கி அணி இறுதிப் போட்டியில் நெதர்லாந்தை 6-1 என்று புரட்டிப் போட்டுத் தங்கம் வாங்கியது, பல்பீர் சிங் மட்டும் ஐந்து கோல். நாடே ஹாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தது, வெண்கலம் கண்ணில் படவில்லை. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் கராட் மறக்கவில்லை. ரயிலை விட்டு இறங்கியவரை நூற்றுக்கு மேற்பட்ட மாட்டுவண்டிகளோடு வந்து அழைத்துப் போனார்கள், கால் மணி நேரத்தில் போய்ச் சேரும் தூரத்துக்கு ஏழு மணி நேரம் ஆயிற்று என்று இன்றுவரை சொல்கிறார்கள். சரி, ஊர்வலம் முடிந்தது, மாலை வாடியது, அப்புறம் அவர் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? குஸ்திப் போட்டிகளுக்கு ஏற்பாடு செய்தார், அதில் தானும் இறங்கி ஜெயித்தார், வசூலான பணத்தைக் கொண்டுபோய் முதல்வரின் வீட்டை மீட்டுக் கொடுத்தார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய ஒருவர், கடன் அடைப்பதற்காக மறுபடி மண்ணில் இறங்கினார். இந்த ஒரு வரிக்காகவே விருது கொடுக்கலாம் என்பது என் கட்சி. உங்களுக்கு அது உணர்ச்சிவசப்பட்ட பேச்சாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள், விதிப்படியே பேசுவோம்.

1955இல் போலீஸில் சப் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தார். கிட்டத்தட்ட 27 வருடம் வேலை பார்த்தார், அசிஸ்டென்ட் கமிஷனராக ஓய்வு பெற்றார், முழங்கால் காயம் அடுத்த ஒலிம்பிக் கனவை முடித்துவைத்தது. ஓய்வுக்குப் பின் பென்ஷனுக்காக அலைந்தார் என்று படிக்கும்போது எனக்கு என் மாமா ஞாபகம் வந்தது, அவரும் காக்கிச்சட்டைதான். ஒரு பழுப்புக் கவரில் கோப்புகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாதத்துக்கு இரண்டு தடவை பஸ் ஏறுவார். "இன்னும் ஒரு கையெழுத்துதான்டா பாக்கி" என்பார், நாலு வருடம் அதையேதான் சொன்னார். மாமாவிடம் பதக்கம் எதுவும் இல்லை, அதனால் அவர் அலைந்தது எங்கள் வீட்டுக்கு வெளியே செய்தியாகவில்லை. ஜாதவிடம் இருந்தது, அப்போதும் செய்தியாகவில்லை.

1982 டெல்லி ஆசிய விளையாட்டின்போது ஜோதி ஓட்டத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். 1984 ஆகஸ்ட் 14இல் சாலை விபத்தில் இறந்தார். வயது 58.

இனி உங்கள் மேசைக்கு வருகிறேன். பத்ம விருதுகள் 1954இல் தொடங்கின. பதக்கம் வாங்கி 32 வருடம் அவர் உயிரோடு இருந்தார். மொரார்ஜி அரசு விருதுகளையே நிறுத்திவைத்திருந்த வருடங்களைக் கழித்தாலும் இருபத்தைந்துக்கு மேற்பட்ட குடியரசு நாள்கள் அவர் கண்முன்னே வந்து போயின. விளையாட்டுக்காரர்களுக்குக் கொடுக்கும் வழக்கம் அப்போது இல்லை என்று சொல்லவும் வழியில்லை. பல்பீர் சிங்குக்கு 1957இல் பத்மஸ்ரீ. ஹாக்கி கேப்டன் கே.டி. சிங் 'பாபு'வுக்கு 1958இல். ஹெல்சின்கிக்கு 11 வயதுச் சிறுமியாக நீந்தப் போன ஆரதி சாஹா, பின்னால் ஆங்கிலக் கால்வாயைக் கடந்ததற்காக 1960இல் வாங்கினார். இன்னொரு ஹாக்கி வீரர் லெஸ்லி கிளாடியஸுக்கு 1971இல். இந்த நால்வரும் எந்தக் குழுவில் போனவர்கள் என்று கவனித்தீர்களா? எல்லோரும் ஹெல்சின்கி. ஒரே ஊருக்கு, ஒரே ஒலிம்பிக்குக்குப் போய் வந்தவர்கள். எல்லோரும் தகுதியானவர்கள், ஒருவர் விருதையும் நான் குறைத்துப் பேசவில்லை. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக டிக் அடித்துக்கொண்டே வந்த யாருக்கோ, தனிநபர் பதக்கம் வாங்கிய ஒரே ஆளின் பெயர் மட்டும் கண்ணில் படவில்லை, அதைத்தான் சொல்கிறேன். பல்பீரும் போலீஸ்தான், பஞ்சாப் போலீஸ். ஆக, உத்தியோகம்கூட ஒன்றே.

இறந்த பிறகு 2000ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது கொடுத்தார்கள். 2010 காமன்வெல்த் போட்டிக்காக டெல்லி இந்திரா காந்தி வளாகத்தில் மல்யுத்த அரங்குக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2017இல் அவர் குடும்பம், ஊரில் மல்யுத்தப் பயிற்சிக்கூடம் கட்டித் தருவதாகச் சொன்ன பேச்சு நடக்காததால், அந்த வெண்கலப் பதக்கத்தையே ஏலம் விட்டுக் கட்டப்போகிறோம் என்று அறிவிக்கும் நிலைக்கு வந்தது. அப்பா குஸ்தி போட்டு வாத்தியார் வீட்டை மீட்டார், மகன் அப்பாவின் பதக்கத்தை விற்றாவது குஸ்திக்குக் கூரை போடப் பார்த்தார்.

உங்கள் பதில் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், விதிகளைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பத்ம விருது பொதுவாக இறந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை. மிகவும் தகுதியானவராக இருந்து, மறைவும் அண்மையில், அதாவது அந்தக் குடியரசு நாளுக்கு முந்தைய ஓராண்டுக்குள் நிகழ்ந்திருந்தால் பரிசீலிக்கலாம். அப்படித்தான் எஸ்.பி.பி.க்கு 2021இல் பத்ம விபூஷண் வந்தது, விஜயகாந்துக்கு 2024இல் பத்ம பூஷண் வந்தது. எங்களுக்கு அதில் சந்தோஷம்தான், கண்ணில் தண்ணீரோடு கூடிய சந்தோஷம்.

ஆனால் அந்த ஓராண்டு எதற்காக? ஒருவர் உயிரோடு இருக்கும்போதே பரிசீலனைக்கு வந்து, முடிவு எடுப்பதற்குள் போய்விட்டால் அவர் நஷ்டப்படக் கூடாது என்பதற்காக என்று நான் புரிந்துகொள்கிறேன், நியாயமான யோசனை. அப்படியென்றால் 32 வருடம் காத்திருந்தும் பரிசீலிக்கப்படாமல் போனவருக்கு எந்த விதி? தாமதம் செய்தது ஒருவர், தாமதத்தைக் காரணம் காட்டுவதும் அவரே என்றால், எங்கள் ஊரில் அதைப் பஞ்சாயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பாரத ரத்னாவில் இந்தக் கெடு எதுவும் இல்லை. பீகார் முன்னாள் முதலமைச்சர் கர்ப்பூரி தாக்கூருக்கு 2024இல் அறிவித்தார்கள், அவர் இறந்து கிட்டத்தட்ட 36 வருடம் ஆகியிருந்தது. அது உங்கள் வழியாக வருவதில்லை, பிரதமர் நேரடியாகப் பரிந்துரைப்பது என்று தெரியும். ஒரே அரசு, ஒரே குடியரசுத் தலைவர் கையெழுத்து, ஒன்றில் இறப்புக்குக் காலக்கெடு இல்லை, இன்னொன்றில் 365 நாள். இது கல்வெட்டில் பொறித்த விதி இல்லை. நீங்கள் நினைத்தால், உங்கள் பரிந்துரையோடு ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினால், அடுத்த ஜனவரிக்குள் ஒரு விலக்கு போதும்.

இன்னொன்று. வருடத்துக்கு 120 பேருக்கு மேல் பத்ம விருது கிடையாது என்ற கணக்கில், மறைவுக்குப் பின் வழங்கப்படும் விருதுகள் சேராது. ஆக, ஜாதவுக்குக் கொடுப்பதால் ஒரு நாட்டுப்புறக் கலைஞரின் இடமோ ஒரு கிராமத்து மருத்துவரின் இடமோ பறிபோகப் போவதில்லை. யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு கையெழுத்தைத்தான் கேட்கிறேன்.

"ஒரு வெண்கலத்துக்கு, அதுவும் எழுபது வருடத்துக்கு முந்தைய வெண்கலத்துக்கு இவ்வளவா?" என்று உங்களில் ஒருவர் கேட்கக்கூடும். 2008 பெய்ஜிங்கில் சுஷில் குமாரும் வெண்கலம்தான் வாங்கினார், 56 வருடம் கழித்து மல்யுத்தத்தில் வந்த அடுத்த பதக்கம் அது, 2011இல் பத்மஸ்ரீ கொடுத்தீர்கள், சரியாகத்தான் கொடுத்தீர்கள். பின்னால் அவர் வாழ்க்கை எந்த வழக்கில் போய் நின்றது என்பது வேறு கதை, நீதிமன்றத்தில் இருக்கிறது. 2023 டிசம்பரில் மல்யுத்த வீரர் பஜ்ரங் பூனியா தன் பத்மஸ்ரீயை டெல்லி கர்த்தவ்ய பத் நடைபாதையில் வைத்துவிட்டுப் போனார். பெண் வீராங்கனைகளுக்கு நியாயம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்து, கேட்டது கிடைக்காத கோபத்தில் வைத்தது. போலீஸ்காரர்கள் நடுவே தரையில் கிடந்த அந்தப் பதக்கத்தின் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஜாதவ்தான் நினைவுக்கு வந்தார். ஒரு மல்யுத்த வீரருக்குத் திருப்பித் தரவாவது ஒன்று இருந்தது, இவருக்கு அதுவும் இல்லை.

அவர் நூற்றாண்டும் வந்தாயிற்று. நான் இதை எழுதும் நாள்வரை உங்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. எந்த அடுக்கில் கொடுப்பது, ஸ்ரீயா பூஷணா விபூஷணா என்பதில் எனக்குக் கட்சி கிடையாது, அது உங்கள் வேலை. அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் உள்துறைச் செயலாளர், குடியரசுத் தலைவரின் செயலாளர், கூடவே நாலிலிருந்து ஆறு பிரமுகர்கள் உட்காரும் அந்த அறையில், யாராவது ஒருவர் ஃபைலைப் புரட்டும்போது "இந்த ஓராண்டு விஷயத்தைக் கொஞ்சம் பேசலாமா" என்று ஒரு வாய் கேட்டால் போதும். 1952இல் விதியைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்காகப் பேச ஆள் இல்லை. இந்தத் தடவை விதி அவர் பக்கம் இல்லைதான், பேசவாவது ஒருவர் இருக்கட்டும்.

விண்ணப்பத்தை எப்படியோ 793 சொற்களில் முடித்து அனுப்பியும்விட்டேன். மாட்டுவண்டிகளை வெட்டவேண்டி வந்தது, முதல்வர் கர்டீகரின் வீடு மட்டும் இருக்கிறது, அதை எடுக்க மனம் வரவில்லை.

இப்படிக்கு,
ஹெல்சின்கி என்றால் ஹாக்கி மட்டும்தான் என்று நெடுநாள் நினைத்திருந்த ஒருவன்

பி.கு: அதே ஹெல்சின்கியில் கேசவ் மாங்கவே என்று இன்னொரு மராட்டிய வீரரும் ஃப்ரீஸ்டைலில் இறங்கி, ஜாதவுக்கு அடுத்த எடைப் பிரிவில் நாலாவது இடம் பிடித்தார். அவருக்கு என்ன விண்ணப்பம், எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.